ஒரு நாள் கணக்கு எதைச் சொல்லும்? குறுக்குவெட்டு ஆய்வு பற்றி ஓர் எளிய விளக்கம்

நாளிதழ்களின் உடல்நலப் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு செய்தியாவது "ஆய்வில் தெரியவந்துள்ளது" என்று முடிகிறது. இன்ன எண்ணெயில் சமைப்பவர்களிடம் இதயநோய் அதிகம் என்றோ, இரவு நெடுநேரம் விழித்திருப்பவர்களிடம் உடல் பருமன் அதிகம் என்றோ அது சொல்லும். மறுநாள் காலை குன்னூர் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் அதே செய்தி "அந்த எண்ணெய்தான் இதயத்தைக் கெடுக்குதாம்" என்று உருமாறி நிற்கும். நோயும் எண்ணெயும் ஒரே ஆட்களிடம் சேர்ந்து காணப்பட்டன என்பது ஆய்வின் கூற்று. எண்ணெய் நோயை உண்டாக்கியது என்பது கடையில் சேர்ந்துகொண்ட கூற்று. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை, ஏனென்றால் பல நேரங்களில் செய்தியின் தலைப்பே அப்படித்தான் எழுதப்படுகிறது.

இத்தகைய செய்திகளில் பலவற்றுக்கும் பின்னால் இருப்பது குறுக்குவெட்டு ஆய்வு என்ற ஒரே வகை ஆய்வுதான். அதன் வேலை என்ன, அதனால் முடியாதது என்ன என்பதை நீலகிரி வாசகர்களுக்குப் பழக்கமான எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே நேரத்தில் எடுக்கும் கணக்கு

ஒரு மக்கள் கூட்டத்திலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய நோய் நிலையையும் பழக்கவழக்கங்களையும் ஒரே காலகட்டத்தில் ஒரே ஒரு முறை அளந்து பதிவு செய்வதைக் குறுக்குவெட்டு ஆய்வு என்கிறோம். அவர்களை மறுபடியும் சந்திப்பதில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதுமில்லை. ஆய்வு முழுவதும் நடந்து முடிய ஆறு மாதம் ஆகலாம் என்றாலும், ஒவ்வொரு தனி ஆளைப் பொறுத்தவரை அது ஒரு நாளின் கணக்கே.

உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மே மாதத்து மலர்க் கண்காட்சி நடக்கும்போது, நண்பகல் 12 மணிக்குப் பூங்காவுக்குள் இருப்பவர்கள் அனைவரையும் எண்ணிவிட முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், அவர்களில் குழந்தைகள் எத்தனை பேர், கோவையிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், கேரளத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் துல்லியமாகக் கிடைத்துவிடும். ஆனால் காலையிலிருந்து வாசலைக் கடந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பது அந்தக் கணக்கில் கிடைக்காது. அதைவிட நுட்பமான ஒரு சிக்கலும் உண்டு. புல்வெளியில் துணியை விரித்து, கட்டிவந்த புளிசாதத்தைப் பிரித்து, மாலை வரை உட்கார்ந்திருக்கும் குடும்பம் எந்த நேரத்தில் எண்ணினாலும் கணக்கில் விழும். கண்ணாடி மாளிகையின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வெளியேறும் இளைஞர்களில் பெரும்பாலோர் விடுபட்டுப்போவார்கள். ஆகவே அந்த எண்ணிக்கை உண்மையில் இரண்டு செய்திகள் கலந்த ஒன்று: எத்தனை பேர் வருகிறார்கள் என்பது ஒரு பாதி, வந்தவர்கள் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்பது மறுபாதி.

நோய்களின் கணக்கும் இதே முறையில்தான் அமைகிறது.

இருப்பு வீதமும் நிகழ்வு வீதமும்

குறிப்பிட்ட ஒரு நேரத்தில் மக்களில் நூற்றுக்கு எத்தனை பேரிடம் ஒரு நோய் இருக்கிறது என்பது இருப்பு வீதம். குறிப்பிட்ட ஒரு கால அளவில், சாதாரணமாக ஓர் ஆண்டில், அதுவரை நோயில்லாமல் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது புதிதாக வருகிறது என்பது நிகழ்வு வீதம். குறுக்குவெட்டு ஆய்வு நேரடியாகத் தருவது முதலாவதை மட்டுமே. நோய் அரிதாகவும் அதன் போக்கு ஏறத்தாழ நிலையாகவும் இருக்கும்போது, நிகழ்வு வீதத்தை நோய் நீடிக்கும் சராசரிக் காலத்தால் பெருக்கினால் இருப்பு வீதம் கிடைக்கும் என்பது இத்துறையின் அடிப்படைக் கணக்கு.

இந்தப் பெருக்கலை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் செய்தி படித்தால் தலைகீழான முடிவுக்கு வந்துவிட வாய்ப்புண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-இல் முடிவுகள் வெளியான நீரிழிவு ஆய்வு, 1,13,043 பேரைச் சோதித்து, இந்தியாவில் 20 வயதுக்கு மேற்பட்டோரிடம் நீரிழிவின் இருப்பு வீதம் 11.4 விழுக்காடு என்று மதிப்பிட்டது. இந்த எண் நாளை உயர்ந்தால் "சர்க்கரை நோய் முன்னைவிட வேகமாக வருகிறது" என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் நல்ல சிகிச்சை கிடைத்து நோயாளிகள் கூடுதலாகப் பத்து ஆண்டுகள் வாழ்ந்தாலே, புதிதாக ஒருவருக்கும் கூடுதலாக நோய் வராவிட்டாலும், இருப்பு வீதம் உயர்ந்துவிடும். மருத்துவத்தின் வெற்றி கணக்கில் நோயின் பெருக்கமாகத் தோன்றும் இந்த விந்தை, எழுத்தறிந்த பலரையும் ஏமாற்றுகிறது. சளிக்காய்ச்சலின் கதை இதற்கு நேர்மாறானது. ஆண்டுக்கு இரண்டு முறை எல்லோருக்கும் வந்தாலும் சில நாள்களில் போய்விடுவதால், எந்த ஒரு நாளில் எண்ணினாலும் சிலரிடமே அது இருக்கும்.

எந்த மாதத்தில் எண்ணுகிறோம் என்பதும் இதனால் முக்கியமாகிறது. பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலை மாதத்தில் இருமல் கணக்கு எடுத்து, அதை உறைபனி விழும் ஜனவரியில் உதகையில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டால், ஒப்பிடப்படுவது ஊர்களா பருவங்களா என்று சொல்ல முடியாது.

சுருக்கமாக: குறுக்குவெட்டு ஆய்வு இப்போது எத்தனை பேரிடம் நோய் இருக்கிறது என்று சொல்லும். புதிதாக எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று சொல்லாது.

எது முன்னால், எது பின்னால்?

கோத்தகிரிப் பக்கத்து ஊர் ஒன்றில், நாற்பது வயதைக் கடந்தவர்களின் இரத்தச் சர்க்கரையைச் சோதித்து, கூடவே "தேநீரில் சர்க்கரை போட்டுக் குடிக்கிறீர்களா?" என்றும் கேட்டுப் பதிவு செய்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாளுக்கு நான்கு முறை தேநீர் குடிக்கும் மலையில் இது பயனற்ற கேள்வியும் அல்ல. முடிவு எப்படி இருக்கும் என்று ஆய்வு செய்யாமலே சொல்லிவிடலாம்: சர்க்கரை இல்லாத தேநீர் குடிப்பவர்களிடம் நீரிழிவு மிக அதிகமாக இருக்கும். சர்க்கரையைத் தவிர்ப்பதால் நீரிழிவு வருகிறது என்று யாரும் இதைப் படிக்கமாட்டார்கள், ஏனென்றால் மருத்துவர் சொன்ன பிறகுதான் அவர்கள் சர்க்கரையை நிறுத்தினார்கள் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். விளைவென்று நாம் நினைப்பது உண்மையில் காரணமாகவும், காரணமென்று நினைப்பது விளைவாகவும் இருக்கும் இந்நிலைக்குத் தலைகீழ்க் காரணம் என்று பெயர்.

சர்க்கரை விஷயத்தில் நம்முடைய பொது அறிவு நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. பொது அறிவு எட்டாத இடங்களில் அதே தவறை நாம் தயக்கமில்லாமல் செய்கிறோம். நடக்காதவர்களிடம் முழங்கால் வலி அதிகம் என்றால், நடக்காததால் வலி வந்ததா, வலி வந்ததால் நடப்பதை விட்டார்களா? தூக்கம் குறைந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்றால், எது எதைக் கொண்டுவந்தது? இரண்டையும் ஒரே நாளில் அளந்த ஆய்வேட்டில் இதற்கான விடை எந்தப் பக்கத்திலும் இருக்காது. எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் இக்குறை தீராது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலட்சம் பேரிடம் எடுத்த ஒரு நாள் கணக்கும் ஒரு நாள் கணக்கே.

வயலில் இல்லாதவர்கள்

தேயிலைத் தோட்டத்தில் நடப்பதற்கு நிகரான ஓர் எடுத்துக்காட்டை இனி சற்று நெருங்கிப் பார்க்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இடுப்பு வலி எவ்வளவு என்று அறிய விரும்பும் ஒரு சுகாதாரப் பணியாளர், மாலையில் இலை எடைபோடும் இடத்துக்குப் போகிறார். சரிவில் நாள் முழுவதும் நின்று பறித்த இலையை மூட்டையாகச் சுமந்து வந்து இறக்கிவைத்த பெண்ணிடம், "கடந்த ஒரு மாதத்தில் இடுப்பு வலி இருந்ததா, அக்கா?" என்று கேட்கிறார். "வலி இல்லாம இருக்குமா சிஸ்டர்? அது பாட்டுக்கு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் தராசுப் பக்கம் திரும்புகிறார். படிவத்திலோ 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள்தான். அந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதே ஒரு சிக்கல். வேலையை நிறுத்தும் அளவுக்கு வலித்ததா, மருந்து வாங்கினாரா என்றெல்லாம் வரையறுத்துக் கேட்காத ஆய்வின் எண்ணிக்கையை நான் நம்பத் தயங்குவேன்.

அதைவிடப் பெரிய சிக்கல், கேள்வி கேட்கப்படாதவர்களைப் பற்றியது. இடுப்பு ஒடிந்துபோகும் அளவுக்கு வலி வந்தவர் எடைபோடும் இடத்தில் நிற்கமாட்டார். அவர் வேலையை விட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருப்பார், அல்லது மகன் வேலை பார்க்கும் திருப்பூருக்குப் போயிருப்பார். தோட்டத்தில் எஞ்சியிருப்பவர்கள் அந்த வேலையைத் தாங்கக்கூடியவர்கள். அவர்களை மட்டும் எண்ணி, கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்யும் பெண்களோடு ஒப்பிட்டால், கொழுந்து பறிப்பது இடுப்புக்கு நல்லது என்ற முடிவுகூட வரக்கூடும். உடல் வலுவுள்ளவர்களே வேலையில் நீடிப்பதால் கணக்கு இப்படிச் சாய்ந்துபோவதை நலமான தொழிலாளர் விளைவு என்பார்கள்.

எதிர்ப்பக்கமாகவும் கணக்கு சாயும். அதே பணியாளர் காலை 11 மணிக்கு லயங்களில் வீடுவீடாகப் போனால், வேலைக்குப் போனவர்கள் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். முதியவர்களும், காய்ச்சலில் படுத்திருப்பவர்களும், கைக்குழந்தைக்காரர்களுமே கதவைத் திறப்பார்கள். நோய் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். மருத்துவ முகாமுக்கு வந்தவர்களை வைத்து எடுக்கும் கணக்குக்கும் இதே குறை உண்டு, ஏனென்றால் முகாமுக்கு வருபவர் ஏதோ ஒரு தொல்லை இருப்பதால்தான் வருகிறார். நல்ல ஆய்வு முதலில் எல்லா வீடுகளின் பட்டியலையும் தயாரித்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, ஆள் இல்லாத வீட்டுக்கு மாலையில் மறுபடியும் போகும். ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு முன்கூட்டியே தெரிந்திருக்கும் இந்த முறைக்கு நிகழ்தகவு மாதிரி என்று பெயர். குறுக்குவெட்டு ஆய்வு ஒன்றைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது முடிவுகளையல்ல, ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம் சொல்லப்படும் பத்தியைத்தான்.

மூன்றாவது ஆள்

விறகடுப்பில் சமைக்கும் வீடுகளில் நாள்பட்ட இருமல் அதிகம் என்று ஓர் ஆய்வு காட்டுகிறது என்போம். புகை காரணமாக இருக்கலாம். மருத்துவம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் விறகடுப்பு உள்ள வீடுகள் பெரும்பாலும் வறிய வீடுகள், சுவரில் ஈரம் ஏறும் வீடுகள், ஒரே அறையில் பலர் தூங்கும் வீடுகள். அந்த ஈரமும் நெரிசலும்கூட இருமலைத் தரும். நாம் பார்க்கும் இரண்டோடும் தொடர்புகொண்டு, இரண்டுக்கும் இடையே இல்லாத உறவை இருப்பதாகவோ, இருக்கும் உறவைப் பெரிதாகவோ காட்டும் இத்தகைய மூன்றாவது ஒன்றைக் குழப்பக் காரணி என்கிறோம். அளந்து வைத்திருந்தால் அதன் செல்வாக்கைக் கணக்கில் கழித்துவிட முடியும். அளக்க மறந்திருந்தால் முடியாது. இக்குறை குறுக்குவெட்டு ஆய்வுக்கு மட்டும் உரியதல்ல என்பதால் இங்கே விரிக்கவில்லை.

மலைக்கே உரிய ஒரு சிறு செய்தியை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். கருவுறாத வயது வந்த பெண்ணின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் இரத்தசோகை என்பது பொதுவான வரையறை. உயரம் கூடக் கூட, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதை ஈடுகட்ட உடல் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையையும் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலுள்ள கூடலூரையும் ஒரே 12 கிராம் அளவுகோலால் அளந்தால், உதகைப் பெண்கள் உள்ளதைவிட நலமாகத் தெரிவார்கள். இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் உயரத்துக்கேற்ற திருத்தம் செய்யச் சொல்கிறது. திருத்தம் செய்யாமல் இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டுப் பேசினால், பேச்சு இரத்தத்தைப் பற்றியதாக இல்லாமல் மலையின் உயரத்தைப் பற்றியதாகவே முடியும்.

இதுவரை பார்த்தவை மூன்று தடைகள்: முன்பின் தெரியாமை, விடுபட்டவர்கள், குழப்பக் காரணி. இனி இந்த ஆய்வு எங்கே வலிமையோடு நிற்கிறது என்று பார்க்கலாம்.

நீலகிரியில் 1952

ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்த மாதிரிகளைச் சோதித்து, அவர்களிடம் சிக்கிள் செல் பண்பு இருப்பதை 1952-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது கண்டறியப்பட்டது. இந்தியாவில் இந்தப் பண்பு முதன்முதலாகப் பதிவானது இவ்விரு ஆய்வுகளால்தான்.

சிக்கிள் செல் என்பது ஹீமோகுளோபினின் அமைப்பை மாற்றும் ஒரு மரபணுக் குறைபாடு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்து, கடும் வலியையும் இரத்தசோகையையும் தரும் நோய் உண்டாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் அதைச் சுமப்பவர்; பெரும்பாலும் நலமாகவே இருப்பார். இந்நிலையைத்தான் சிக்கிள் செல் பண்பு என்கிறோம். சுமப்பவர் இருவர் மணம் செய்துகொண்டால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இங்கே ஒரு நாள் கணக்கு ஏன் போதுமானதாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தேநீரில் சர்க்கரை போடுவதை ஒருவர் நாளைக்கே நிறுத்தலாம். மரபணு கருவிலேயே முடிவாகிவிட்டது. நோய் வந்ததால் மரபணு மாறியது என்ற தலைகீழ்க் காரணத்துக்கு இங்கு இடமே இல்லை. எந்த ஊரில், எந்தச் சமூகத்தில் எத்தனை பேர் சுமப்பவர்கள் என்ற கேள்விக்கு ஒரு முறை எடுத்த இரத்தமே விடை சொல்லிவிடும். திருமண ஆலோசனை எங்கே தேவை, மருந்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதைத் திட்டமிட இதைவிட நல்ல கருவி இல்லை. 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்ததும் இந்தக் காரணத்தால்தான்.

ஆனாலும் பூங்கா வாசலில் கண்ட சிக்கல் இங்கும் ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. நோய் முழுமையாக உள்ள குழந்தைகளில் பலர் சிகிச்சையில்லாத காலங்களில் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். பெரியவர்களை மட்டும் சோதிக்கும் ஆய்வில் சுமப்பவர்கள் சரியாக எண்ணப்படுவார்கள். நோயாளிகளோ குறைவாகத் தெரிவார்கள். "எங்கள் பக்கம் பண்பு இருக்கிறது, நோய் அவ்வளவாக இல்லை" என்று அதைப் படித்துவிட்டால், இறந்த குழந்தைகள் இரண்டாம் முறையும் கணக்கிலிருந்து தவறிவிடுகிறார்கள். விரைவில் உயிரைப் பறிக்கும் நோய்களில் இப்படி நேர்வதை 1955-இல் ஜெர்சி நெய்மன் என்ற புள்ளியியலாளர் சுட்டிக்காட்டினார். அதனால் இதற்கு நெய்மன் பிறழ்வு என்று பெயர்.

இரண்டு சுற்றுகளை ஒப்பிடும்போது

தேசியக் குடும்பநல ஆய்வு 1992-93 முதல் 2019-21 வரை ஐந்து சுற்றுகளாக நடந்தது. 2015-16 சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 55.0 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. 2019-21 சுற்றில் அது 53.4 ஆனது. இதைப் பார்த்து, நூறு பெண்களில் ஒன்றிரண்டு பேர் குணமடைந்துவிட்டார்கள் என்று பேசுவோர் உண்டு. இரண்டு சுற்றுகளிலும் சோதிக்கப்பட்டவர்கள் வேறுவேறு பெண்கள். முதல் சுற்றில் 49 வயதாக இருந்தவர் இரண்டாம் சுற்றின் வயது வரம்பிலேயே இல்லை. அப்போது பள்ளியில் படித்த பத்து வயதுச் சிறுமி இப்போது உள்ளே வந்துவிட்டாள். மாநிலத்தின் சராசரி சற்று நகர்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லலாம், அதுவும் மாதிரியின் பிழை எல்லையைப் பார்த்த பிறகு. தனிப்பட்ட எவரிடம் என்ன மாறியது என்பதைச் சுற்றுகள் எத்தனை வந்தாலும் சொல்ல முடியாது.

காரணத்தைத் தேடும்போது

காரணம் தேடுபவர் ஆட்களைப் பின்தொடர வேண்டும். நோயில்லாதவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய பழக்கங்களைப் பதிவு செய்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் கவனித்து யாருக்கு நோய் வருகிறது என்று பார்ப்பது தொடர் ஆய்வு. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை உறுதிப்படுத்தியதில், 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நீடித்த இத்தகைய ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. செலவும் காலமும் ஆள்பலமும் கேட்கும் வேலை இது. எடுத்த எடுப்பில் யாராலும் தொடங்கிவிட முடியாது. எங்கே தோண்டலாம் என்று காட்டுவதற்கே முதலில் ஒரு குறுக்குவெட்டு ஆய்வு வேண்டியிருக்கிறது. சென்னையில் 2001-இல் 26,001 பேரைச் சோதித்துத் தொடங்கிய நகர்ப்புற, கிராமப்புற ஆய்வு முதலில் அப்படிப்பட்ட ஒரு நாள் கணக்காகவே இருந்தது. சுமார் பத்து ஆண்டுகள் கழித்து அவர்களில் ஒரு பகுதியினரை மறுபடியும் தேடிப்பிடித்துச் சோதித்த பிறகுதான், புதிதாக நீரிழிவு வரும் வேகம் என்ன என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது.

கொழுந்து பறிக்கும் பெண்களின் இடுப்பு வலிக்கு வேலைதான் காரணமா என்று உண்மையிலேயே அறிய விரும்பினால், எடைபோடும் இடத்தில் ஒரு மாலை நின்று கேட்பது போதாது. புதிதாக வேலையில் சேரும், இன்னும் வலியில்லாத பெண்களின் பட்டியலையும், அதே லயங்களிலிருந்து வேறு வேலைக்குப் போகும் பெண்களின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, இரு தரப்பையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். வேலையை விட்டவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாமல், திருப்பூருக்குப் போனவரைத் திருப்பூரில் தொலைபேசியில் பிடித்தாவது கேட்க வேண்டும்.